சுக்கானில் இருந்தபடியே எஞ்சின்: சிறிய பாய்ப்படகில் அவுட்போட்டைக் கைக்குள் கொண்டுவந்த கதை

பருத்தித்துறைக் கரையில் ஃபைபர் படகு ஓட்டும் ஒருவரைப் பார்த்திருந்தால், படகின் பின்னால் வெளியே மாட்டும் அவுட்போட் எஞ்சின் யாருடைய கைக்காகச் செய்யப்பட்டது என்பது விளங்கும். எஞ்சினின் பிடி அவருடைய முழங்கைக்குப் பக்கத்திலேயே இருக்கும். திருகினால் வேகம் கூடும். அந்தப் பக்கம் இந்தப் பக்கம் தள்ளினால் படகு திரும்பும். கரை கிட்டியதும் எஞ்சினைச் சாய்த்துப் புரொப்பெல்லரைத் தண்ணீருக்கு மேலே எடுத்துவிடுவார். தனியாகச் சுக்கான் கிடையாது. ஆளும் எஞ்சினும் ஒரே இடத்தில் இருப்பதால்தான் அலை உடையும் கரையிலும் அவரால் படகை நிதானமாக ஏற்ற முடிகிறது.

அதே எஞ்சினைச் சிறிய பாய்ப்படகில் மாட்டினால் அந்தப் பொருத்தம் போய்விடுகிறது. பின்பலகையின் நடுவில் சுக்கான் இருக்கிறது. மேலே பாய்மரத்தைப் பின்னிருந்து இழுத்துப் பிடிக்கும் கம்பி, அதைச் சுற்றிக் கைப்பிடிக் கம்பிவேலி. எஞ்சினுக்குக் கிடைக்கும் இடம் பின்பலகைக்கு வெளியே, ஒரு பக்கமாக, தாழ்வாகத் தொங்கும் தாங்கிதான். கியர் மாற்ற வேண்டுமென்றால் இருக்கையில் முழங்காலூன்றி, பின்னுக்குத் திரும்பி, உடம்பின் பாதியை வெளியே நீட்ட வேண்டும். அந்த நேரத்தில் முன்னுக்குப் பார்க்க ஒருவரும் இல்லை. சுக்கான்பிடி கையில் இல்லை. இது நடப்பதும் திறந்த ஏரியில் அல்ல. துறைமுக வாயிலிலும் இறங்குதுறைக்குப் பக்கத்திலும், கண்ணும் கையும் கட்டாயம் தேவைப்படுகிற இடங்களில்.

எங்கள் படகு ஒரு பழைய கட்டலினா 22. வட அமெரிக்க ஏரிகளில் அதிகம் காணக்கூடிய வகை. 15,000க்கும் மேல் கட்டியிருக்கிறார்கள். ஏறத்தாழ 21½ அடி நீளம், ஒரு தொன்னுக்குச் சற்றுக் கூடிய எடை. கட்டி வைத்திருப்பது கனடாவில், ரொறொன்ரோவின் ஸ்காபரோவில், ஒன்ராறியோ ஏரிக்கரை மண்முகடுகளின் அடியில் இருக்கும் பிளஃபர்ஸ் பார்க்கில். முகடுகள் சில இடங்களில் 90 மீற்றர்வரை உயரம். கோடையில் பெரும்பாலும் வீசும் சோளகத்தில் (தென்மேற்குக் காற்றில்) ஒரு தொல்லையும் இல்லை. வாடை, அதாவது வடக்குக் காற்று, வீசும் நாட்களில் முகட்டைத் தாண்டி விழும் காற்று துண்டு துண்டாக வந்து அடிக்கும்; ஒரு கணம் காற்றே இருக்காது, அடுத்த கணம் படகு சரியும். முகடுகளிலிருந்து கரைந்து வரும் மண் துறைமுக வாயிலில் படிவதால் அங்கே ஆழமும் அடிக்கடி மாறும். பாயை மட்டும் நம்பி உள்ளே வரக்கூடிய இடமல்ல அது.

எங்களிடம் இருப்பது 6 குதிரைவலு, ஒற்றை சிலிண்டர், நாலு ஸ்ரோக் எஞ்சின். எடை 27 கிலோவுக்குக் கிட்ட. இந்தப் படகுக்கு அந்த வலு தாராளம். நீர்க்கோட்டு நீளம், அதாவது தண்ணீரைத் தொடும் பகுதியின் நீளம், 19⅓ அடியாக இருக்கும் படகு தண்ணீரை விலக்கிக்கொண்டு போகக்கூடிய வேகம் ஏறக்குறைய 5.9 நொட் (மணிக்கு 11 கிலோமீற்றருக்குக் கிட்ட), அதற்கு மேல் எத்தனை குதிரையைக் கட்டினாலும் படகு பின்னால் அமிழ்ந்து பெற்றோலைத்தான் குடிக்கும். ஆகவே எஞ்சினை மாற்றுவது பற்றி நான் யோசிக்கவே இல்லை. யோசிக்க வைத்தது என் மனைவி கேட்ட கேள்வி.

"நீங்கள் தண்ணிக்குள்ள விழுந்தா நான் என்ன செய்யிறது? இந்த எஞ்சினை இறக்கவே என்னால ஏலாதே."

அவர் சொன்னது முழு உண்மை. மே மாதத்தில் ஒன்ராறியோ ஏரியின் தண்ணீர் பத்துப் பாகைக்கும் கீழே இருக்கும். அந்தக் குளிரில் மிதக்கும் அங்கி போட்ட மனிதனுக்கும் கை கால் இயங்கும் நேரம் கொஞ்சம்தான். படகில் எஞ்சியிருப்பவர் தனியாகப் பாயைத் தளர்த்தி, எஞ்சினை இறக்கி, ஓடவைத்து, திரும்பி வரவேண்டும். படகில் இருப்பவர்களில் பலம் குறைந்தவர், தனியாக, சுக்கானை விட்டு எழும்பாமல் எஞ்சினைக் கையாள வேண்டும் என்பதை அளவுகோலாக வைத்துக்கொண்டேன். அதற்குப் பிறகு செய்த ஒவ்வொரு மாற்றத்துக்கும் 'இதை அவர் தனியாகச் செய்வாரா' என்பதுதான் பரீட்சை. எனக்கு வசதியாக இருக்கிறதா என்பது இரண்டாம் பட்சம்.

முதல் வேலை தூக்குவதும் இறக்குவதும். பாய் விரித்து ஓடும்போது எஞ்சின் தண்ணீரில் கிடந்தால் புரொப்பெல்லர் படகைப் பிடித்து இழுக்கும். மெல்லிய காற்றில் அந்த இழுவை நன்றாகவே தெரியும். அதனால் ஒவ்வொரு பயணத்திலும் எஞ்சினைக் குறைந்தது இரண்டு முறை இறக்கி ஏற்றுவது வழக்கம். தாங்கி நாலு கைகளும் ஸ்பிறிங்குகளும் கொண்டது. பிடியைப் பிடித்து மேலே இழுத்தால் ஸ்பிறிங் உதவி செய்ய எஞ்சின் எழும்பி, உயரத்தில் ஒரு பல்லில் பூட்டிக்கொள்ளும். இங்கே கவனிக்க வேண்டியது, பழைய படகுகளில் இருக்கும் தாங்கிகள் பல இரண்டு ஸ்ரோக் எஞ்சின்களின் காலத்தவை என்பது. அதே வலுவுள்ள நாலு ஸ்ரோக் எஞ்சின் பல கிலோ கூடுதலாக இருக்கும். தாங்கியில் எழுதியிருக்கும் எடை வரம்பைப் பாருங்கள். ஸ்பிறிங் போதாவிட்டால் தூக்கும் ஆளின் இடுப்புத்தான் அந்த மிச்ச எடையைச் சுமக்கும். நாங்கள் எடைக்கேற்ற புதிய தாங்கியை வாங்கி, பின்பலகைக்கு உள்பக்கம் அகலமான அலுமினியத் தகடு வைத்து, போல்ட் துளைகளுக்குக் கடல்சார் சீலன்ற் பூசி இறுக்கினோம். தகடு இல்லாமல் வெறும் வொஷரில் இறுக்கினால் அலையில் எஞ்சின் ஆடும் ஒவ்வொரு முறையும் ஃபைபர் கொஞ்சம் கொஞ்சமாக நசுங்கும்.

ஸ்பிறிங் இருந்தும் மனைவிக்கு அது பாரம்தான். பின்னுக்குக் குனிந்து தூக்கும்போது கைக்கு வலு வராது. உடம்பும் படகுக்கு வெளியே போகிறது. அதனால் கப்பி போட்டோம். நாலு மடிப்புக் கயிற்றுத் தொகுதி: மேல் கப்பி கம்பிவேலியின் மூலையில், உருக்குக் குழாய்கள் ஒட்டப்பட்டுப் பலமாக இருக்கும் இடத்தில், கீழ்க் கப்பி எஞ்சினின் உலோகத் தூக்குபிடியில். கணக்குப்படி 27 கிலோவுக்கு ஏழு கிலோ இழுத்தால் போதும். கப்பிகளின் உராய்வையும் சேர்த்தால் ஒன்பது, பத்து. ஸ்பிறிங்கும் சேர்ந்து உதவுவதால் கைக்கு வருவது அதைவிடக் குறைவு. கயிற்றின் நுனியை முன்னுக்குக் கொண்டுவந்து, இருக்கைக்குப் பக்கத்தில் பல்லுள்ள கவ்வியில் பிடிக்கவைத்தோம். இப்போது இருந்த இடத்திலிருந்தே, முகத்தை முன்னுக்கு வைத்துக்கொண்டு, ஒரு கையால் எஞ்சினைத் தூக்கலாம்.

இதில் இரண்டு நுணுக்கங்கள். எஞ்சினின் மேல்மூடியில் இருக்கும் பிளாஸ்ரிக் பிடியில் கப்பியைக் கொழுவ வேண்டாம். மூடி கழன்றால் எஞ்சின் கீழே போய்விடும். அடுத்தது, தாங்கியின் பூட்டை விடுவிக்கும் நெம்பு எஞ்சினுக்குப் பக்கத்தில்தான் இருக்கும். அதற்கும் ஒரு மெல்லிய கயிறு கட்டி உள்ளே கொண்டுவராவிட்டால், எஞ்சினைத் தூக்கும் கயிறு மட்டும் இருந்து பயனில்லை. இறக்குவதற்குத் திரும்பவும் வெளியே குனிய வேண்டிவரும். தூக்கும் கயிறு சிவப்பு, பூட்டுக் கயிறு நீலம். பதற்றத்தில் இருக்கும் ஒருவருக்கு நிறம் உதவி செய்கிறது.

தண்டின் நீளத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். சிறிய எஞ்சின்கள் 15, 20, 25 அங்குலத் தண்டுகளில் வரும். பாய்ப்படகுக்கு 15 வேண்டவே வேண்டாம். ஒருவர் பாயைப் பிடிக்க அணியத்துக்கு (படகின் முன்நுனிக்கு) போனவுடனேயே பின்பக்கம் எழும்பி, புரொப்பெல்லர் காற்றை உறிஞ்சி, எஞ்சின் வெறுமனே அலறும், படகு நகராது. ஒன்ராறியோ ஏரியின் அலை குட்டையாகவும் செங்குத்தாகவும் இருப்பதால் இது இன்னும் மோசம். 20 அங்குலம் பல படகுகளுக்குப் போதும், 25 இன்னும் நல்லது. டோஹாட்சு 'செயில்புரோ' என்று பாய்ப்படகுக்கென்றே ஒரு 6 குதிரைவலு வகையை நீளத் தண்டோடும், மெதுவாக ஆனால் பலமாகத் தள்ளும் புரொப்பெல்லரோடும், பற்றரி ஏற்றும் வசதியோடும் விற்கிறது. புதிதாக வாங்குபவர்கள் வலுவைப் பார்ப்பதற்கு முதல் இந்த மூன்றையும் பார்க்கலாம்.

இனி, நான் அதிகம் மெனக்கெட்ட இடத்துக்கு வருகிறேன்: திருப்புவது.

பாய்ப்படகுக்காரர் பெரும்பாலும் எஞ்சினை நேராக வைத்து, அதன் உராய்வுத் திருகை இறுக்கிவிட்டு, சுக்கானால் மட்டும் திருப்புவார். வெளியே ஓடும்போது அது சரி. படகுகளை நெருக்கமாகக் கட்டிவைக்கும் மரீனாவுக்குள் அது போதாது. சுக்கான் வேலை செய்வது அதன்மேல் தண்ணீர் ஓடினால்தான். படகுக்கு உள்ளேயே பொருத்திய எஞ்சின் உள்ள பெரிய படகுகளில் புரொப்பெல்லர் சுக்கானுக்கு முன்னால் இருப்பதால், படகு நகராமல் நின்றாலும் அது தள்ளும் தண்ணீர் சுக்கானில் மோதும். எங்கள் படகில் எஞ்சின் சுக்கானுக்குப் பக்கத்தில் இருக்கிறது. தள்ளும் தண்ணீர் சுக்கானைத் தொடாமல் போய்விடும். வேகம் குறையக் குறைய சுக்கான் செத்துப்போகும். காற்று பக்கவாட்டில் இருந்தால் அணியம் சரிந்து அடுத்த படகை நோக்கிப் போகத் தொடங்கும். இந்த நேரத்தில் தேவை, எஞ்சினையே திருப்புவது. மனைவியின் மாமா ஒருவர் ஊரில் பல வருடம் ஃபைபர் படகில் தொழில் செய்தவர், எங்களோடு வந்து, நான் சுக்கானைப் பிடித்து இறங்குதுறைக்கு வருவதைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "தம்பி, தள்ளுறது ஒரு பக்கம், திருப்புறது ஒரு பக்கமெண்டா படகு ஆரின்ரை சொல்லுக் கேக்கும்? ரெண்டையும் ஒண்டாக்கிவிடும்."

இரண்டையும் ஒன்றாக்கினேன். சுக்கான்பிடிக்கும் எஞ்சினின் திருப்பும் கைக்கும் நடுவே ஒரு அலுமினியக் குழாய். இரண்டு நுனியிலும் எல்லாப் பக்கமும் அசையக்கூடிய குண்டு மூட்டு, விரலால் இழுத்தால் கழரும் வகை. சுக்கான்பிடியை ஒரு பக்கம் தள்ளினால் குழாய் எஞ்சினின் கையையும் அதே பக்கம் தள்ளும். சுக்கானும் புரொப்பெல்லரும் சேர்ந்து திரும்பும். இரண்டிலும் குழாயைச் சுழலும் அச்சுக்கு முன்பக்கமாகவே இணைக்க வேண்டும். ஒன்றில் முன்னும் மற்றதில் பின்னும் இணைத்தால் சுக்கான் ஒரு பக்கமும் எஞ்சின் எதிர்ப்பக்கமும் திரும்பும்.

அளவு முக்கியம். அச்சிலிருந்து இணைக்கும் புள்ளிவரை உள்ள தூரம் இரண்டிலும் ஒன்றாக இருந்தால் இரண்டும் ஒரே அளவு திரும்பும். நான் வேண்டுமென்றே சுக்கான்பிடியில் 20 சென்ரிமீற்றரும் எஞ்சினில் 25 சென்ரிமீற்றரும் வைத்தேன். அதனால் சுக்கான் 30 பாகை திரும்பும்போது எஞ்சின் ஏறக்குறைய 24 பாகைதான் திரும்பும். காரணம், இந்த வகைப் படகில் எஞ்சினும் சுக்கானும் மிக நெருக்கம். இரண்டும் முழுதாகத் திரும்பினால் புரொப்பெல்லர் சுக்கானை வெட்டக்கூடும். எஞ்சினை நிறுத்தி, தீப்பொறிக் கட்டையின் வயரையும் கழற்றிவிட்டு, சுக்கான்பிடியை இரண்டு பக்கமும் கடைசிவரை தள்ளிப் பாருங்கள். புரொப்பெல்லரைக் கையால் சுற்றி, அதன் நுனிக்கும் சுக்கானுக்கும் குறைந்தது ஒரு கையகல இடைவெளி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இல்லாவிட்டால் சுக்கான்பிடி அதற்கு மேல் போகாதபடி கயிற்றால் ஒரு தடை கட்டுங்கள். எஞ்சினைத் தாழ்த்திய நிலையிலும் ஒருமுறை, சற்றுச் சாய்த்த நிலையிலும் ஒருமுறை பாருங்கள். இடைவெளி இரண்டிலும் ஒன்றாக இருக்காது.

எஞ்சினின் உராய்வுத் திருகைத் தளர்த்தினால்தான் குழாய் வேலை செய்யும். பாய் விரித்ததும் குழாயைக் கழற்றி இருக்கைக்குக் கீழே கட்டிவைத்துவிட்டு எஞ்சினைத் தூக்க வேண்டும். கழற்றாமல் தூக்கினால் ஏதோ ஒன்று வளையும். இந்த ஒழுங்கு மறக்காமல் இருக்க, தூக்கும் சிவப்புக் கயிற்றின் நுனியைக் குழாய்க்கு மேலால் கொண்டுவந்து கட்டியிருக்கிறேன். குழாயைக் கழற்றாமல் கயிற்றை முழுதாக எடுக்க முடியாது.

இந்தக் குழாய் போட்ட பிறகு படகின் குணமே மாறிவிட்டது. ஏறக்குறைய நின்ற இடத்திலேயே படகைத் திருப்பலாம். பின்னுக்குப் போகும்போதும் சொன்ன பக்கம் போகிறது. முன்பு இரண்டு பேர் கத்திக் கத்திச் செய்த வேலையை என் மனைவி இப்போது பேசாமல் தனியாகச் செய்கிறார். எல்லா மாற்றங்களிலும் ஒன்றை மட்டும் வைத்துக்கொள் என்றால் நான் இதைத்தான் வைத்துக்கொள்வேன்.

வேகத்துக்கும் கியருக்கும் பல வழிகள் உண்டு. முழுமையான வழி, தயாரிப்பாளரே விற்கும் தூரக் கட்டுப்பாட்டுத் தொகுதி: இருக்கைக்குப் பக்கத்தில் ஒரு நெம்பு, அங்கிருந்து இரண்டு தள்ளு-இழு கேபிள்கள். நன்றாக வேலை செய்யும். ஆனால் எஞ்சின் மேலும் கீழும் போகும் படகில் கேபிள்களுக்குப் போதிய தளர்ச்சி விட வேண்டும், இறுக்கமாக வளைக்கவும் கூடாது. வளைத்தால் கியர் பாதியில் நிற்கும். நான் எளிய வழியில் போனேன். திருகும் பிடிக்கு ஒரு நீட்டிப்பு, கியர் நெம்புக்கு ஒரு அலுமினிய நீட்டிப்பு. பிடி நீட்டிப்புகள் கடையில் கிடைக்கின்றன. பிவிசி குழாயை நுனியில் கீறி, பிடிமேல் ஏற்றி, குழாய்க் கவ்வியால் இறுக்குபவர்களும் உண்டு, அதுவும் பிழையில்லை. இறுக்கும்போது பிடியின் றப்பர் நசுங்கி வேகம் ஓரிடத்தில் சிக்கிக்கொள்கிறதா என்று மட்டும் பார்க்க வேண்டும். கியர் நீட்டிப்பு எஞ்சினின் உடம்பில் எங்கேயும் முட்டாமல் முன், நடு, பின் மூன்றுக்கும் முழுதாகப் போக வேண்டும். பின்கியர் பாதி விழுந்த நிலையில் இறங்குதுறைக்கு வந்தால் நிறுத்துவதற்கு ஒன்றும் இருக்காது.

பின்கியரைப் பற்றி இன்னொன்று. எஞ்சினில் சாய்வுப் பூட்டு ஒன்று இருக்கும். ஆழம் குறைந்த இடத்தில் அதைத் திறந்து வைத்தால் மண் தட்டும்போது எஞ்சின் தானாக எழும்பிக்கொடுக்கும்; பிளஃபர்ஸ் பார்க் வாயிலில் இது பயன்படும். ஆனால் திறந்த நிலையில் பின்கியர் போட்டால் புரொப்பெல்லர் தன்னையே தண்ணீருக்கு வெளியே இழுத்துக்கொள்ளும், படகு நிற்காது. வாயிலைத் தாண்டியதும் பூட்டை மூடுவது எங்கள் வீட்டுச் சட்டம்.

எஞ்சினை அணைக்கும் சுருள்கயிறுதான் பலரும் யோசிக்காமல் விடும் விடயம். பிடிக்கு நீட்டிப்புப் போட்டால் ஆள் எஞ்சினை விட்டுத் தள்ளிப் போகிறார். சுருள்கயிறோ எஞ்சினோடு வந்த பழைய நீளம்தான். எட்டாது என்பதால் அதைக் கையில் மாட்டாமலே ஓட்டுபவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். எஞ்சின் ஓடும்போது சுக்கானில் இருப்பவர் விழுந்தால் படகு நிற்க வேண்டும், அதற்காகத்தான் அது: கயிறு இழுபட்டால் அதன் நுனியில் இருக்கும் கொழுக்கி எஞ்சினை அணைக்கும் சுவிட்சிலிருந்து கழன்றுவிடும். பெரும்பாலான சிறிய காபரேற்றர் எஞ்சின்களில் இந்தச் சுவிட்ச், தீப்பொறிக்குப் போகும் மின்சாரத்தை எஞ்சினின் உலோக உடம்போடு தொடுத்து அணைக்கிறது. அப்படியானால் இருக்கைக்குப் பக்கத்தில் இரண்டாவது சுவிட்ச் ஒன்றைச் சமாந்தரமாக இணைக்கலாம்; இரண்டில் எது இழுபட்டாலும் எஞ்சின் அணையும். உங்கள் எஞ்சினின் வயரிங் படத்தைப் பார்த்து இது அந்த வகைதானா என்று உறுதிசெய்த பிறகே தொடுங்கள். ஈரம் புகாத இணைப்பிகள் அவசியம். உப்புத் தண்ணீரில் ஓடும் படகென்றால் இன்னும் அவசியம்.

விழுந்தவரோடு சுருள்கயிற்றின் கொழுக்கியும் போய்விடும் என்பதை மறக்கக்கூடாது. கொழுக்கி இல்லாமல் எஞ்சினைத் திரும்ப ஓடவைக்க முடியாது. மேலதிகக் கொழுக்கி ஒன்றை இருக்கைக்குப் பக்கத்தில், கண்ணுக்குத் தெரிய, நிறநாடாவில் கட்டித் தொங்கவிட்டிருக்கிறோம். விலை சில டொலர்கள்தான். மனைவியின் கேள்விக்கு எல்லாக் கப்பிகளும் சேர்ந்து சொல்லும் பதிலில் பாதியை அந்தச் சின்னக் கொழுக்கி சொல்கிறது.

ஓடவைப்பதற்குக் கையால் இழுக்கும் கயிறுதான். மின் ஸ்ராற்றர் போடுவது பற்றி விசாரித்தேன். கைக்கயிற்று வகை எஞ்சினுக்கு மோட்டார், பல்சக்கரம், வயரிங், பலமான பற்றரி எல்லாம் தேவை. செலவும் எடையும் கூடி, பழுதாகக்கூடிய இடங்களும் கூடும். அதை விட்டுவிட்டு இழுக்கும் முறையைச் சரிசெய்தோம். பிடியை இரண்டு கையும் கொள்ளும் அகலமானதாக மாற்றினேன். இருக்கையில் உட்கார்ந்து, ஒரு காலைப் பின்சுவரில் ஊன்றி, கயிற்றை மெதுவாக இழுத்து இறுக்கம் வரும் இடத்தில் நிறுத்தி, அங்கிருந்து ஒரே வீச்சாக இழுக்க வேண்டும். எடுத்த எடுப்பில் வெட்டி இழுத்தால் தோள்பட்டைதான் நோகும். சோக் இழுப்பானுக்கும் ஒரு துண்டுக் கயிறு கட்டி உள்ளே விட்டிருக்கிறது.

இதைவிட முக்கியம், எப்போது ஓடவைப்பது என்பது. வாயிலுக்கு வெகு தூரத்தில், பாய் இன்னும் வேலை செய்துகொண்டிருக்கும்போதே எஞ்சினை இறக்கி ஓடவைத்து, பின்பக்கத் துளையால் எஞ்சினைக் குளிர்விக்கும் தண்ணீர் பீறிட்டு வருகிறதா என்று பார்த்து, முன்கியரும் பின்கியரும் விழுகின்றனவா என்று பார்த்த பிறகுதான் பாயை இறக்குவோம். இறக்கிய பாயையும் கட்டிவிடாமல் உடனே ஏற்றக்கூடிய மாதிரி வைத்திருப்போம். நங்கூரம் அணியத்தில் தயாராக இருக்கும். எஞ்சின் ஓடத் தொடங்கிய கணத்திலிருந்து பாய் விரித்திருந்தாலும் விதிகளின்படி நீங்கள் எஞ்சின் படகு. பாய்ப்படகுகளுக்கு வழிவிட வேண்டியவர். கனடாவில் எஞ்சின் பூட்டிய பொழுதுபோக்குப் படகை ஓட்டும் எவரும் 2009 முதல் தகுதிச் சான்று வைத்திருக்க வேண்டும். ஒரு வீட்டில் ஒருவர் எடுத்தால் போதும் என்று நினைக்காமல் இரண்டு பேரும் எடுப்பது நல்லது; நாங்கள் அப்படித்தான் செய்தோம்.

எரிபொருளில் ஒரே ஒரு மாற்றம், ஆனால் பெரிய நிம்மதி. எஞ்சினுக்குள் இருக்கும் பெற்றோல் தாங்கி ஒரு லீற்றரை ஒட்டித்தான் கொள்ளும். அதை ஆடும் படகில், பின்பலகைக்கு வெளியே குனிந்து நிரப்புவது சிந்துவதற்கும் தீக்கும் வழி. 12 லீற்றர் வெளித்தாங்கிக்கு மாறினோம். பாதி வேகத்தில் மணிக்கு ஒன்று, ஒன்றரை லீற்றர்தான் செலவாகிறது. பெற்றோல் ஆவி காற்றைவிடக் கனமானது, படகின் அடியில் போய்த் தேங்கும். ஆகவே தாங்கி அறைக்குள் இருக்கக்கூடாது, வெளிக்காற்றோட்டமுள்ள பெட்டியில் இருக்க வேண்டும். கைப்பம்பின் அம்புக்குறி எஞ்சினைப் பார்க்க வேண்டும். தாங்கி மூடியின் காற்றுத் திருகைத் திறக்காவிட்டால் எஞ்சின் சில நிமிடம் நன்றாக ஓடிவிட்டு, சரியாக வாயிலில் வைத்து நின்றுபோகும். கிளம்புவதற்கு முன் இதைப் பார்ப்பது எங்கள் வீட்டில் மகளின் பொறுப்பு. அவளுக்கு அது பெருமை.

சிறிய எஞ்சின்கள் ஓட மறுப்பதற்குப் பெரும்பாலான காரணம் காபரேற்றரில் இருக்கும் மிக நுண்ணிய துளை அடைபடுவது. எத்தனால் கலந்த பெற்றோல் நாள்பட்டால் தண்ணீரை இழுத்துப் பிரிந்து பசையாகப் படியும். ஒரு வாரத்துக்கு மேல் படகைத் தொடப்போவதில்லை என்றால், கரை சேர்ந்ததும் எரிபொருள் குழாயைக் கழற்றிவிட்டு எஞ்சின் தானாக நிற்கும்வரை ஓடவிடுங்கள். காபரேற்றர் காலியாகிவிடும்.

மின்சார அவுட்போட் பற்றிக் கேட்பவர்களுக்கு: நல்ல வழிதான், எல்லோருக்கும் அல்ல. உதாரணமாக ஈபுரொபல்ஷன் ஸ்பிரிட் 1.0 பிளஸ் 1 கிலோவாற் வலுவும் 1,276 வாற்-மணி பற்றரியும் கொண்டது. முழு வலுவில் ஓடினால் ஒன்றேகால் மணி நேரம். அமைதியான மரீனாவிலிருந்து வெளியே போய் வர அது போதும், இழுக்கும் கயிறும் பெற்றோல் மணமும் இல்லை, தூரக் கட்டுப்பாடும் எளிது. ஆனால் காற்று முகத்துக்கு எதிராக எழும்பி, அலையும் உயர்ந்து, கரைக்கு இன்னும் நெடுந்தூரம் இருக்கும் மாலையில் எனக்கு 12 லீற்றர் பெற்றோல்தான் தைரியம் தருகிறது.

இவை எல்லாவற்றிலும் எஞ்சினில் நான் ஒரு துளைகூடப் போடவில்லை. நீட்டிப்பு, குழாய், கப்பி எல்லாமே கவ்வியாலும் கொழுக்கியாலும் பிடித்தவை. கழற்றினால் எஞ்சின் கடையிலிருந்து வந்த மாதிரியே இருக்கும். இலையுதிர்காலத்தில் பழுதுபார்க்கக் கழற்றும்போது இதன் அருமை தெரியும். ஒன்ராறியோவின் குளிர்காலத்துக்கு எஞ்சினை நிமிர்த்தியே வைக்க வேண்டும். சாய்த்து வைத்தால் புரொப்பெல்லர் குடத்தில் தேங்கும் தண்ணீர் உறைந்து வெடிக்கும். கியர் எண்ணெயையும் பனி விழுவதற்கு முன்பே மாற்றுங்கள். வெளியே வருவது பால் நிறமாக இருந்தால் உள்ளே தண்ணீர் போகிறது, சீல் மாற்ற வேண்டும்.

எல்லாம் பூட்டி முடிந்த பிறகு ஒரு வேலை மிச்சம் இருந்தது: பழகுவது. காற்று மெல்லிய காலையில் மிதவை மெத்தை ஒன்றைத் தண்ணீரில் எறிந்துவிட்டு நான் அணியத்தில் வாய் திறக்காமல் இருப்பேன். மனைவி பாயைத் தளர்த்துவார், நீலக் கயிறு, சிவப்புக் கயிறு, குழாயைக் கொழுவுவார், மேலதிகக் கொழுக்கி, சோக், இழுப்பு. மெத்தைக்குக் காற்றடிக்கும் பக்கமாக வந்து, ஒரு படகு நீளம் இருக்கும்போதே கியரை நடுவுக்கு எடுத்துவிட வேண்டும். தண்ணீரில் ஆள் பக்கத்தில் இருக்கும்போது புரொப்பெல்லர் சுற்றக்கூடாது; இதில் விட்டுக்கொடுப்பு இல்லை. முதலில் அவர் மெத்தையைத் தாண்டித் தாண்டிப் போனார், வேகத்தைக் குறைக்கும் இடம் பிடிபடவில்லை. பருவத்தின் நடுவில் அது பிடிபட்டுவிட்டது. பிறகு அவரே கேட்டு, கியர் நீட்டிப்பை இன்னும் இரண்டு அங்குலம் கூட்டினேன். உட்கார்ந்த நிலையில் அவருடைய கைக்கு அந்த அளவுதான் சரி. இந்த வசந்தத்தில் படகை இறக்கும்போது குழாயின் குண்டு மூட்டுகளையும் மாற்றப்போகிறேன். ஒன்றில் ஆட்டம் தெரியத் தொடங்கியிருக்கிறது. அந்த மூட்டு கழன்றால் மரீனாவின் நடுவில் எஞ்சின் ஒரு பக்கமும் சுக்கான் ஒரு பக்கமும் போகும். தேய்ந்து விழும்வரை காத்திருக்காமல் பருவத்துக்கு ஒரு சோடி மாற்றுவது என்று முடிவுசெய்திருக்கிறோம்.